எந்த எஸ். சந்திரசேகர்?

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் 'எஸ். சந்திரசேகர்' என்று ஆசிரியர் பெயர் போட்ட மூன்று ஆங்கில நூல்கள் அருகருகே கிடைக்கலாம். ஒன்று, 1961-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட, திரவம், வாயு போன்ற பாய்மங்கள் எப்போது நிலைகுலையும் என்பதைக் கணிதத்தால் ஆராயும் தடித்த நூல். இன்னொன்று, 1977-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட, திரவப் படிகங்கள் (திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஓர் ஒழுங்கில் நிற்கும் பொருள்கள்) பற்றிய பாடநூல். மூன்றாவது, இந்திய மக்கள்தொகை பற்றியது. மூன்றையும் ஒரே மேதை எழுதினார் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் மூவர் எழுதியவை அவை. மூவருமே தங்கள் துறையில் உலகம் அறிந்தவர்கள். மூவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள்.

முதலாமவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், வானியற்பியலாளர். 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்து, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1930-இல், இருபது வயது நிறையும் முன்பே, இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கு அவர் பெயரை நிலைநிறுத்தியது. எரிபொருள் தீர்ந்துபோன விண்மீன் வெண்குறு விண்மீனாக அடங்க வேண்டுமானால் அதன் நிறை ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. 1931-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் அந்த எல்லை 0.91 சூரிய நிறை என்றே இருந்தது. விண்மீனின் வேதிச் சேர்க்கை பற்றி அப்போது இருந்த அனுமானம் அப்படி. இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட எண் ஏறத்தாழ 1.4 சூரிய நிறை. 1983-இல் வில்லியம் ஃபௌலருடன் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1995-இல் சிகாகோவில் காலமானார்.

இரண்டாமவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், திரவப் படிக இயற்பியலாளர். 1930-இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாக்பூரிலும் கேம்பிரிட்ஜிலும் ஆய்வு செய்துவிட்டு, 1961 முதல் பத்தாண்டுகள் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை நடத்தினார். 1971-இல் பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்துக்கு வந்து திரவப் படிக ஆய்வகத்தைக் கட்டி எழுப்பினார். நீளமான கம்பி வடிவ மூலக்கூறுகள்தாம் திரவப் படிகமாகும் என்று நம்பப்பட்டுவந்த காலம் அது. 1977-இல் அவரும் பி. கே. சதாசிவாவும் கே. ஏ. சுரேஷும் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார்கள். அவை காசுகளை அடுக்கியதுபோல் தூண் தூணாக அடுக்கிக்கொள்கின்றன. மூன்று பேரும் சேர்ந்து எழுதிய அந்தச் சிறு கட்டுரை வெளிவந்தது 'பிரமாணா' என்ற இந்திய இதழில். அதிலிருந்து ஒரு தனி ஆய்வுத் துறையே கிளைத்தது. 2004-இல் அவர் காலமானார்.

மூன்றாமவர் ஸ்ரீபதி சந்திரசேகர், மக்கள்தொகையியலாளர். 1918-இல் ராஜமுந்திரியில் பிறந்தவர். நியூயார்க்கில் முனைவர் பட்டம் பெற்றவர். 1967-இல் இந்திரா காந்தி அமைச்சரவையில் சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அமைச்சரானார். கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று தொடர்ந்து வாதாடியவர். அந்தச் சட்டம் 1971-இல் வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். 2001-இல் காலமானார்.

இந்த மூவரோடு பட்டியல் முடிந்துவிடவில்லை. பி. எஸ். சந்திரசேகர் என்றால் பெரும்பாலோருக்கு மைசூரில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர் நினைவுக்கு வருவார். சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்துபோன வலக் கையாலேயே பந்துவீசி 58 டெஸ்டுகளில் 242 விக்கெட் எடுத்தவர். 1971-இல் ஓவல் மைதானத்தில் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் வீழ்த்தி, இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றிக்கு வழி செய்தவர். ஆனால் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீக்கடத்திகளைப் படிக்கும் இயற்பியல் மாணவருக்கு பி. எஸ். சந்திரசேகர் என்பவர் வேறு ஒருவர். அவரைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது. வி. பி. சந்திரசேகர் தமிழ்நாட்டு அணியின் தொடக்க ஆட்டக்காரர். 1988 இரானி கோப்பையில் 56 பந்துகளில் சதம் அடித்தவர். எஸ். ஏ. சந்திரசேகர் திரைப்பட இயக்குநர். வெறும் சந்திரசேகர் என்றால் 1990 நவம்பர் முதல் 1991 ஜூன் வரை இந்தியப் பிரதமர்.

துறைகள் இவ்வளவு விலகியிருக்கும்போது குழப்பம் எங்கே வரும் என்று கேட்கலாம். பந்துவீச்சாளரையும் பிரதமரையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்பது சரி. சிக்கல், துறைகள் ஒன்றையொன்று உரசும் இடங்களில் இருக்கிறது. இரண்டு எஸ். சந்திரசேகர்கள் இயற்பியலாளர்கள். நால்வருடைய பெயர்கள் ஆய்விதழ்களில் அச்சானவை. அதற்கு மேல், முதல் இருவரும் ஒரே குடும்பம்.

ஒரே தாத்தாவின் பெயர்

சர் சி. வி. ராமனின் தந்தை ஆர். சந்திரசேகர ஐயர். அவருடைய மூத்த மகன் சி. சுப்பிரமணிய ஐயர். அடுத்தவர் ராமன். மகன்கள் இருவரின் பெயருக்கும் முன்னால் நிற்கும் 'சி' தந்தை சந்திரசேகரரைக் குறிக்கிறது. சுப்பிரமணிய ஐயருக்கு முதல் ஆண் குழந்தை பிறந்ததும், வழக்கப்படி தந்தைவழித் தாத்தாவின் பெயரை வைத்தார்கள். அவர்தான் வானியற்பியலாளர். ராமன் தம் மூத்த மகனுக்கும் சந்திரசேகர் என்ற பெயரையே வைத்தார். திரவப் படிக இயற்பியலாளர் ராமனின் சகோதரி மகன். அவருக்குத் தாய்வழித் தாத்தா அதே சந்திரசேகர ஐயர். ஒரே தாத்தா, பேரன்களில் மூன்று சந்திரசேகர்.

ஆக இது தற்செயல் இல்லை. பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கமும், தந்தை பெயரை முன்னெழுத்தாகச் சுருக்கும் வழக்கமும் சேர்ந்தால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும். ஒரு குடும்பத்தில் மூத்த மகன் வரிசையிலேயே பெயர் வைத்துக்கொண்டு போனால், சுப்பிரமணியன் மகன் சந்திரசேகரன், அவர் மகன் சுப்பிரமணியன், அவர் மகன் சந்திரசேகரன் என்று இரண்டே பெயர்கள் மாறி மாறி வரும். அப்போது தாத்தாவும் எஸ். சந்திரசேகரன், பேரனும் எஸ். சந்திரசேகரன். முன்னெழுத்தை முழுமையாக விரித்து எழுதினாலும் இருவரையும் பிரிக்க முடியாது. பிறந்த ஆண்டு ஒன்றுதான் பிரிக்கும். பழைய நிலப் பத்திரங்களில் 'தகப்பனார் பெயர்' மட்டும் போதாமல் ஊர், வயது, தொழில் எல்லாம் எழுதப்பட்டிருப்பது இந்தக் காரணத்தால்தான். மூல ஆவணங்களைப் பார்க்கும் வழக்கறிஞர்கள் வயதை முதலில் பார்ப்பதும் அதனால்தான்.

தென்னிந்தியப் பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று பொதுவாகக் கிடையாது. மேற்கு நாட்டு நூலகமும் ஆய்விதழும் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கின்றன. சந்திரசேகர் விஷயத்தில் அதனால் ஒரு விநோத விளைவு: 'சுப்பிரமணியன்' அவருடைய இயற்பெயர்போல் தோற்றம் கொள்கிறது. அது அவர் தந்தையின் பெயர். சிகாகோ நண்பர்களும் மாணவர்களும் அவரைச் 'சந்திரா' என்றே அழைத்தார்கள், சரியாகத்தான் அழைத்தார்கள். 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் ஏறிப்போன நாசாவின் எக்ஸ் கதிர் வான்நோக்ககத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். இந்தியச் செய்திகளில் 'சந்திரா'வை நிலவுத் திட்டத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. நிலவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெடித்த விண்மீன்களின் எச்சம், கருந்துளைகளைச் சுற்றும் சூடான வாயு போன்றவற்றைப் பார்ப்பது அதன் வேலை.

'எஸ்' என்ற ஓர் எழுத்துக்குள் எத்தனை

ஆங்கில முன்னெழுத்து ஒலியைக் கடுமையாகச் சுருக்கிவிடுகிறது. சுப்பிரமணியன், சிவராமகிருஷ்ணன், ஸ்ரீபதி மூன்றும் 'எஸ்' ஆகின்றன. சாம்பசிவன், செல்லையா, சோமசுந்தரம், சங்கரன், ஷண்முகம் எல்லாமே 'எஸ்' ஆகிவிடக்கூடியவை. தமிழ் முன்னெழுத்து எழுதினால் சு. சந்திரசேகர், சி. சந்திரசேகர், ஸ்ரீ. சந்திரசேகர் என்று மூவரும் அந்த இடத்திலேயே பிரிந்துவிடுகிறார்கள். தமிழில் உயிர்மெய் முழுவதும் முன்னெழுத்தாக நிற்பதால் கிடைக்கும் நன்மை இது. மொழிப்பற்றுக்காக மட்டும் தமிழ் முன்னெழுத்து கேட்கப்படுகிறது என்று நினைப்பவர்கள் இந்தப் பயனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் இரண்டு முறைகளையும் கலந்து எழுதும்போது புதுக் குழப்பம் பிறக்கிறது. 'சி.' என்பது தமிழ் உயிர்மெய்யா, ஆங்கில மூன்றாம் எழுத்தின் ஒலியா? சி. வி. ராமனில் அது ஆங்கில எழுத்து. விரித்தால் சந்திரசேகர, தமிழ் முறையில் 'ச.' என்றுதான் வரவேண்டும். திரவப் படிகச் சந்திரசேகரை 'சி. சந்திரசேகர்' என்று எழுதினால், தமிழ் முறை தெரியாதவர் அதைச் 'சந்திரசேகரன் மகன் சந்திரசேகர்' என்றுகூட விரிக்கலாம். 'பி.' இன்னும் மோசம். ஆங்கிலத்தில் இரண்டு தனி எழுத்துகள் தமிழில் ஒரே வடிவம் பெறுகின்றன. பந்துவீச்சாளர் பி. எஸ். சந்திரசேகரின் 'பி' பகவத். தமிழில் படிப்பவருக்குப் பழனியா, பரமசிவமா, பகவத்தா என்று தெரிய வழியில்லை.

முன்னெழுத்து எப்போதும் தந்தையைக் குறிக்கும் என்பதும் சரியில்லை. 'எம். எஸ்.' என்ற ஒரே இணையைப் பாருங்கள். எம். எஸ். சுப்புலட்சுமிக்கு அது மதுரை, தாய் சண்முகவடிவு. வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதனுக்கு மூதாதையர் ஊரான மான்கொம்பு, தந்தை சாம்பசிவன். இசையமைப்பாளர் எம். எஸ். விஸ்வநாதனுக்கு வீட்டுப் பெயர் மனயங்கத், தந்தை சுப்பிரமணியன். ஊர், தாய், தந்தை, வீடு என்று நான்கு வகைத் தகவல்கள் இரண்டே எழுத்துகளில் அடைபட்டிருக்கின்றன. சி. வி. ராமனில் உள்ள 'வி' இவை எதுவுமே இல்லை. வெங்கடராமன் என்ற அவருடைய சொந்தப் பெயரே இரண்டாக உடைந்து முன்பாதி முன்னெழுத்தானது. தெலுங்கு வழக்கில் பெயருக்கு முன்னால் பொதுவாக நிற்பது வீட்டுப் பெயர். அதனால் யாருடைய முன்னெழுத்தையும் ஊகித்து விரிக்கக் கூடாது. விரிவு எங்காவது எழுதப்பட்டிருந்தால் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் எழுத்தாகவே விட்டுவிட வேண்டும்.

இரண்டு எல்லைகள்

பெயர் மோதலால் நேரும் பிழைகளில் மிக ஆழமாகப் பதிந்தது 'சந்திரசேகர் எல்லை' சம்பந்தப்பட்டது. இயற்பியலில் அந்தப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் எல்லைகளில் இரண்டை இங்கே பார்ப்போம்.

ஒன்று, மேலே சொன்ன வெண்குறு விண்மீன்களின் நிறை எல்லை. மற்றொன்று மீக்கடத்திகளுக்கு உரியது. மீக்கடத்தியில் எலெக்ட்ரான்கள் எதிரெதிர்த் தற்சுழற்சியோடு இணை இணையாகச் சேர்ந்திருக்கும். வலுவான காந்தப்புலம் வைத்தால் இரண்டு தற்சுழற்சிகளையும் அது ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். ஒரு கட்டத்தில் இணை உடைந்து மீக்கடத்தல் அழியும். அந்தக் கட்டத்தை 1962-இல் ஏ. எம். கிளாக்ஸ்டனும் பி. எஸ். சந்திரசேகரும் தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். எளிய பொருள்களுக்கு, நிலைமாறு வெப்பநிலையின் (பொருள் மீக்கடத்தியாக மாறும் வெப்பநிலை) ஒவ்வொரு கெல்வினுக்கும் அந்தக் காந்தப்புலம் ஏறத்தாழ 1.84 டெஸ்லா. 9.2 கெல்வினில் மீக்கடத்தியாகும் நியோபியத்துக்கு அந்தக் கணக்கில் 17 டெஸ்லா அளவுக்கு வரும். இதைப் பவுலி எல்லை என்றும், கிளாக்ஸ்டன்–சந்திரசேகர் எல்லை என்றும் சொல்வார்கள்.

இந்தச் சந்திரசேகர் நோபல் பரிசு பெற்றவர் அல்லர். ஆனால் 'சந்திரசேகர்', 'எல்லை', 'இயற்பியல்' மூன்று சொற்களும் சேர்ந்துவிட்டால் யாருக்கும் ஐயமே எழுவதில்லை. கட்டுரையைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் முன்னெழுத்து 'பி. எஸ்.' என்று தெரியும். பிழை எப்படி வளர்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆய்விதழ்களில் மேற்கோள் காட்டும்போது முன்னெழுத்து இருக்கும். பாடநூலில் முன்னெழுத்து உதிர்ந்து பெயர் மட்டும் நிற்கும். பாடநூலைப் படித்தவர் பொதுக் கட்டுரை எழுதும்போது, தமக்குத் தெரிந்த ஒரே சந்திரசேகரின் வாழ்க்கைக் குறிப்பைப் பக்கத்தில் சேர்த்துவிடுவார்.

துறை வேறு, ஆகவே ஆள் வேறு என்று உடனே முடிவு செய்வதும் இங்கே உதவாது. வானியற்பியலாளர் சந்திரசேகர் ஒரே துறையில் நின்றவரே அல்லர். விண்மீன்களின் உள்ளமைப்பு, விண்மீன் கூட்டங்களின் இயக்கம், கதிர்வீச்சுக் கடத்தல், பாய்மங்களின் நிலைப்பாடு, சுழலும் நீள்கோளங்கள், கருந்துளைகள், கடைசியாக நியூட்டனின் 'பிரின்சிபியா' என்று, ஒவ்வொன்றையும் சில ஆண்டுகள் ஆழ்ந்து படித்து, பெரிய நூலாக எழுதி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனவர். அப்படிப்பட்டவர் திரவப் படிகங்களைப் பற்றியும் எழுதியிருப்பார் என்று ஒரு நூலகர் நினைத்தால் அது அறிவீனம் ஆகாது. திரவப் படிக நூலை அவர் கணக்கில் சேர்ப்பது எளிதில் நேரும் பிழையாக இருப்பதற்குக் காரணம் அதுதான். 1983-ஐ மட்டும் எடுத்துக்கொண்டாலும் வலை விரிந்துகிடக்கிறது. அந்த ஆண்டு ஓர் எஸ். சந்திரசேகருக்கு நோபல் பரிசு. அதே ஆண்டு இன்னோர் எஸ். சந்திரசேகர் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். முதலாமவர் அங்கே 1944-இலேயே உறுப்பினர். பத்ம விருதுகளிலும் அப்படியே: 1968-இல் பத்ம விபூஷண் வானியற்பியலாளருக்கு, 1998-இல் பத்ம பூஷண் திரவப் படிக இயற்பியலாளருக்கு.

எப்படிப் பிரிப்பது

ஒரு கட்டுரையோ நூலோ எந்தச் சந்திரசேகருடையது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது முகவரி. ஆய்விதழ்கள் ஆசிரியர் பெயருக்குக் கீழே நிறுவனத்தை அச்சிடும். வானியற்பியலாளர் 1937 முதல் இறுதிவரை சிகாகோ பல்கலைக்கழகத்தோடு இருந்தார். முதலில் அதன் யெர்க்கிஸ் வான்நோக்கு நிலையம், பிறகு நகர வளாகம். திரவப் படிக இயற்பியலாளரின் முகவரி 1960-களில் மைசூர், பிறகு பெங்களூரு. இந்த ஒரு தகவலே பெரும்பாலான கட்டுரைகளைத் தீர்த்துவிடும்.

முகவரி இல்லையென்றால் ஆண்டு. 1928-க்கு முன் எதுவும் வானியற்பியலாளருடையதாக இருக்க முடியாது, அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை அந்த ஆண்டில்தான். 1940-களில் வந்த இயற்பியல் கட்டுரை திரவப் படிகக்காரருடையது ஆகாது, அப்போது அவர் மாணவர். 1996-க்குப் பிறகு புதிதாக வந்தது வானியற்பியலாளருடையது ஆகாது. இடைப்பட்ட 1950–1995 காலம்தான் தொல்லை, இருவரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். மறுபதிப்பின் ஆண்டை வைத்து முடிவு செய்வது அடிக்கடி நேரும் தவறு. ஆக்ஸ்ஃபோர்டு நூலின் மலிவுப் பதிப்பு பல பத்தாண்டுகள் கழித்தும் அச்சில் இருக்கிறது. முதற்பதிப்பின் ஆண்டு தலைப்புப் பக்கத்தின் பின்புறம் இருக்கும், அதையே எடுக்க வேண்டும்.

அடுத்தது உடன் எழுதியவர்கள். ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப அதே சிலரோடு எழுதுவார்கள். சதாசிவா, சுரேஷ் என்ற பெயர்கள் பக்கத்தில் இருந்தால் இடம் பெங்களூரு. அதுவும் இல்லாமல் ஒற்றை ஆசிரியர் கட்டுரையாக இருந்தால், இறுதியில் உள்ள மேற்கோள் பட்டியலைப் புரட்ட வேண்டும். எந்த ஆய்வாளரும் தம் முந்தைய கட்டுரைகளைச் சுட்டாமல் இருப்பது அரிது. புகைப்படத்தை ஆதாரமாகக் கொள்ளவே கூடாது. தேடுபொறி காட்டும் படமும் வாழ்க்கைக் குறிப்பும் வெவ்வேறு பக்கங்களிலிருந்து தானாகச் சேர்க்கப்படுபவை.

நூலகங்கள் இதற்கென ஒரு முறை வைத்திருக்கின்றன. ஆசிரியர் பெயருக்கு ஒரு நிலையான தலைப்பு வடிவம் உருவாக்கி, முன்னெழுத்தின் விரிவையும் பிறப்பு, இறப்பு ஆண்டுகளையும் அதில் சேர்ப்பார்கள். 'சந்திரசேகர், எஸ்., சுப்பிரமணியன், 1910–1995' என்பது ஒரு தலைப்பு. 'சந்திரசேகர், எஸ்., ஸ்ரீபதி, 1918–2001' இன்னொன்று. ஒவ்வொரு நூலும் இவற்றில் ஒன்றோடு கட்டப்படும். இந்தியப் பெயர்களைப் பட்டியலிடுவதில் உள்ள இந்தச் சிக்கலை முறையாக எடுத்துப் பேசியவர் நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன். 1934-இல் அவர் வெளியிட்ட பட்டியல் விதித்தொகுப்பு இன்றும் படிக்கத் தக்கது. அவர் பெயரே நல்ல பாடம்: 'எஸ்' சீர்காழியின் பழைய வழக்கான ஷியாளி, 'ஆர்' தந்தை ராமாமிர்தம். ஊரும் தந்தையும் முன்னே, ஆள் கடைசியில்.

இன்று வாழும் ஆய்வாளர்களுக்கு, ஒரே பெயருடையோரைப் பிரித்துக் காட்டும் ஓர்கிட் (ORCID) என்ற அடையாள எண் உண்டு. 2012 அக்டோபரில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் ஒருவருக்குப் பதினாறு இலக்கம். கடைசி இலக்கம் முந்தையவற்றிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம், சில வேளை அது எக்ஸ் என்ற எழுத்தாக வரும். தட்டச்சில் ஓர் இலக்கம் பிசகினால் உடனே தெரிந்துவிடும். ஆனால் ஆய்வாளர் தாமே பதிவு செய்துகொள்ள வேண்டிய எண் அது. 2012-க்கு முன்பே மறைந்தவர்களுக்குக் கிடைக்காது. நம் மூன்று எஸ். சந்திரசேகர்களுக்கும் அதனால் பயனில்லை. அவர்களுக்கு நூலகத் தலைப்புகளும் விக்கித்தரவின் எண்களும்தான் துணை. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள் 'சந்திரசேகர்' என்று வெறுமனே இணைப்புக் கொடுக்காமல், ஒரே பெயருள்ள கட்டுரைகளைப் பட்டியலிடும் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு உரிய கட்டுரைக்கே இணைப்புக் கொடுக்க வேண்டும்.

பெயரைப் பொருத்துவதே கணக்கான கதை

மக்கள்தொகையியலில் இன்னொரு சந்திரசேகர் பொறி காத்திருக்கிறது. பிறப்பு, இறப்புப் பதிவில் எத்தனை விடுபட்டன என்று மதிப்பிட, 'சந்திர சேகர்–டெமிங் முறை' என்று ஒன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. 1949-இல் வெளிவந்தது. ஸ்ரீபதி சந்திரசேகர் மக்கள்தொகையியலாளர் என்பதால் இது அவருடையது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். இதை எழுதியவர் சி. சந்திரசேகரன் என்ற புள்ளியியலாளர், அமெரிக்கர் டபிள்யூ. எட்வர்ட்ஸ் டெமிங்கோடு சேர்ந்து. அந்தக் கட்டுரையில் அவர் பெயர் 'சந்திர சேகர்' என்று இரண்டு சொல்லாக அச்சானது. பிற்காலத்தில் அவர் சந்திரசேகரன் என்றே அறியப்பட்டார். ஒரே பெயரில் பலர் இருப்பது ஒரு பக்கம், ஒருவரே பல எழுத்துக்கூட்டல்களில் இருப்பது மறுபக்கம். இரண்டுக்கும் இங்கே ஒரே இடத்தில் சான்று கிடைக்கிறது.

அந்த முறையின் உள்ளே போனால் இன்னும் பொருத்தமான விஷயம் இருக்கிறது. ஓர் ஊரில் ஓராண்டில் நடந்த பிறப்புகளை இரண்டு தனித்தனி வழிகளில் எழுதுகிறோம் என்று வையுங்கள். பதிவாளரிடம் 900 இருக்கின்றன. வீடு வீடாகச் சென்று கேட்டதில் 800. இரண்டு பட்டியல்களையும் பெயருக்குப் பெயர் ஒப்பிட்டதில் 720 பொருந்துகின்றன. வீட்டு விசாரணையில் கிடைத்த 800-இல் 720-ஐப் பதிவாளர் பிடித்திருக்கிறார், அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு. அந்த விகிதத்தில் அவரிடம் உள்ள 900 என்பது மொத்தத்தில் தொண்ணூறு விழுக்காடு. மொத்தம் 1000. கணக்கு இவ்வளவுதான்: இரண்டு பட்டியல்களின் எண்ணிக்கையைப் பெருக்கி, பொருந்தியதால் வகுக்க வேண்டும். இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று பார்க்காமல் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கட்டுரை ஆசிரியர்கள் கல்கத்தாவை அடுத்த சிங்கூர் சுகாதார மையத்தின் பதிவுகளில் இதைச் செய்து காட்டினார்கள்.

இப்போது பெயர்கள் விளையாடும் விளையாட்டைப் பாருங்கள். ஊரில் இரண்டு வீடுகளில் தந்தை பெயர் சந்திரசேகரன். ஒரு வீட்டுக் குழந்தை பதிவாளரிடம் மட்டும் இருக்கிறது, மற்ற வீட்டுக் குழந்தை விசாரணையில் மட்டும் இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றென்று பொருத்திவிட்டால் அது பொய்ப் பொருத்தம். அப்படி 30 சேர்ந்து 720 என்பது 750 ஆகிவிட்டால் மொத்த மதிப்பீடு 960-ஆகக் குறைந்துவிடும். மறுபக்கம், ஒரு பட்டியலில் சந்திரசேகர் என்றும் இன்னொன்றில் சந்திரசேகரன் என்றும் எழுதியதால் ஒரே குழந்தையை இரண்டு என்று நினைத்து 20 பொருத்தங்களைத் தவறவிட்டால், 700-ஆல் வகுக்க வேண்டிவரும். மதிப்பீடு ஏறத்தாழ 1029-ஆக ஏறிவிடும். சூத்திரத்தில் குறை எதுவும் இல்லை. பொருத்தும் மேசையில் உட்கார்ந்திருப்பவரின் கவனத்தில் முழு முடிவும் தொங்குகிறது.

அதனால்தான் இந்த முறையைப் பயன்படுத்துபவர்கள் பொருத்துவதற்கு முன்பே விதி எழுதிக்கொள்கிறார்கள். தாய் பெயர், தந்தை பெயர், வீட்டு எண், பிறந்த தேதி, குழந்தையின் பாலினம் ஆகியவற்றில் எத்தனை ஒத்தால் பொருத்தம் என்று முதலில் முடிவாகும். தேதியில் எத்தனை நாள் வித்தியாசத்தை ஏற்பது என்பதும் முதலிலேயே முடிவாகும். ஐயத்துக்குரியவற்றைத் தனியே எடுத்து, மீண்டும் அந்த வீட்டுக்கே ஆள் போய்க் கேட்டு வருவார்கள். விதி தளர்ந்தால் பொய்ப் பொருத்தம் கூடும், இறுகினால் தவறிய பொருத்தம் கூடும். இரண்டும் சமமாக ஒன்றையொன்று தின்றுவிடும் என்று நம்புவது ஆபத்தானது.

அடைமொழி செய்த வேலை

ஒரே பெயருடையோரைப் பிரிக்கும் வழியைத் தமிழ் மிகப் பழைய காலத்திலேயே கண்டிருக்கிறது. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் புலவர் பெயரை வெறுமனே எழுதவில்லை. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் ஊர், தந்தையின் தொழில், உறவு, பெயர் எல்லாம் இருக்கின்றன. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்பதில் வாழ்ந்த ஊர், செய்த வணிகம், சொந்த ஊர், பெயர். நூலகத் தலைப்பு இன்று கேட்கும் தகவல்களில் ஆண்டு ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அதில் உண்டு. ஆண்டு இல்லாததன் விலையும் நமக்குத் தெரியும். ஔவையார் என்ற பெயரில் சங்கப் பாடல்களும் ஆத்திசூடியும் ஒரே பாட்டியின் தலையில் ஏறி நிற்பது அதனால்தான். பல நூற்றாண்டு இடைவெளியுள்ள இருவரையாவது பிரிக்காமல் அந்தப் பாடல்களின் மொழியை விளக்கவே முடியாது.

திரைத்துறை இந்தப் பழைய முறையைத் தானாகவே தொடர்கிறது. வாகை சந்திரசேகர் என்றால் நடிகரும் அரசியல்வாதியுமான ஒருவர்தான், எஸ். ஏ. சந்திரசேகரோடு யாரும் குழப்பிக்கொள்வதில்லை. முதல் படமான 'நிழல்கள்' பெயரையே ரவி தம்மோடு வைத்துக்கொண்டதும் இதே வழியில்தான். முன்னெழுத்தைவிட அடைமொழி நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அது ஒரு முழுச் சொல்.

எழுதும்போது கடைப்பிடிக்கக் கூடியது எளிது. ஒருவரை முதல்முறை குறிப்பிடும்போது முன்னெழுத்தை விரித்து, துறையையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து எழுதிவிட வேண்டும்: 'வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1910–1995'. அதன் பிறகு சந்திரசேகர் என்று மட்டும் எழுதலாம். ஒரே கட்டுரையில் இருவர் வந்தால் கடைசிவரை அடைமொழி நீங்கக் கூடாது. விதி, எல்லை, முறை, எண் ஆகியவற்றை அவர்கள் பெயரால் சொல்லும்போது கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டைச் சேர்ப்பது பாதுகாப்பு: 1931-இன் சந்திரசேகர் எல்லையா, 1962-இன் சந்திரசேகர் எல்லையா என்று படிப்பவருக்கு உடனே விளங்கும். தமிழ் முன்னெழுத்து எழுதுவதென்றால் கட்டுரை முழுவதும் தமிழ் முன்னெழுத்தே வரவேண்டும். ஓரிடத்தில் சு. சந்திரசேகர், இன்னோரிடத்தில் எஸ். சந்திரசேகர் என்று வந்தால், படிப்பவர் இருவர் என்றே எண்ணுவார். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் எங்காவது குறித்துவைத்துக்கொள்வது நல்லது, மூலக் கட்டுரையைத் தேடிப்போகிறவருக்கு 'சேகர்' என்பதில் ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் தேடல் வேறு ஆளிடம் கொண்டுபோய்விடும்.